ஜாடியைக் கவிழ்த்துப் பாருங்கள்: சீன எனாமல் பீங்கான் கேள்வி-பதில்

பழைய சீன எனாமல் பீங்கான் உருவங்களையும் ஜாடிகளையும் பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கவலைதான்: என் கையில் இருப்பது எந்தக் காலத்தது? பலரும் இடறி விழும் இடம் அடியில் உள்ள முத்திரை. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறோம்.

கேள்வி: மூடி போட்ட ஜாடி ஒன்று வாங்கினேன். அடியில் இரட்டை வட்டத்துக்குள் நீல நிறத்தில் ஆறு சீன எழுத்துகள். "மாபெரும் சிங் வம்சம், காங்சி ஆண்டுகளில் செய்தது" என்று ஒருவர் படித்துச் சொன்னார். முந்நூறு ஆண்டுப் பழமை உறுதிதானே?

உறுதி இல்லை. காங்சி பேரரசரின் ஆட்சி 1662 முதல் 1722 வரை. ஆனால் அவருடைய காலத்துக் குயவர்களே தங்கள் வேலையின் அடியில் மிங் வம்சத்துச் செங்ஹுவா (1465–1487) பெயரைத் தாராளமாக எழுதினார்கள். ஏமாற்றும் நோக்கம் அதில் குறைவு; பழைய கைவேலைக்குக் காட்டிய மரியாதை அது. பிறகு குவாங்சு ஆட்சியில் (1875–1908) காங்சி பாணிக்கு மீண்டும் கிராக்கி வந்தபோது காங்சி பெயர் ஆயிரக்கணக்கான ஜாடிகளில் ஏறியது. இன்றும் ஏறிக்கொண்டிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. 1677-ல், சீனப் பீங்கான் தொழிலின் மையமான ஜிங்டெஜென் நகரம் அடங்கிய வட்டாரத்தின் அதிகாரி, பீங்கானில் பேரரசரின் ஆட்சிப் பெயரை எழுதக் கூடாது என்று தடை போட்டார். ஓடு உடைந்து குப்பைக்குப் போனால் பேரரசரின் பெயரும் சேர்ந்து போகுமே என்பது காரணம். ஆகவே உண்மையான காங்சி காலத்து வணிகச் சரக்கில் பெரும்பகுதிக்கு ஆட்சி முத்திரையே கிடையாது. வெறும் இரட்டை வட்டம் இருக்கும், அல்லது வட்டத்துக்குள் ஓர் இலையோ பூவோ இருக்கும். முழுசாக ஆறு எழுத்தும் பளிச்சென்று இருந்தால் சந்தேகம் கூடத்தான் வேண்டும்.

முத்திரையைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, ஜாடியை மடித்த துண்டின் மேல் கவிழ்த்து அடிவளையத்தைப் பாருங்கள். நல்ல காங்சி ஜாடியில் அது கத்தியால் சீவிச் சீர் செய்யப்பட்டிருக்கும். மெருகு (சூளையில் உருகிப் படியும் கண்ணாடிப் பூச்சு) இல்லாத மண் தொடுவதற்கு நைசாக இருக்கும். மெருகு முடிகிற ஓரத்தில் மண்ணிலுள்ள இரும்பு சூளையில் வெந்து, மெல்லிய ஆரஞ்சுக் கோடு விட்டிருக்கலாம். போலி செய்பவர்கள் இந்தக் கோட்டைப் பழுப்புச் சாயத்தால் வரைகிறார்கள். வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சுக் குச்சியை ஓரத்தில் உருட்டினால் சாயம் பஞ்சில் ஏறும். சூளையில் வெந்த நிறம் ஏறாது. தேய்மானத்தையும் லென்ஸில் பாருங்கள். நூறாண்டுகள் மேசையில் நகர்ந்த அடியில் கீறல்கள் எல்லாத் திசையிலும் ஓடும், ஆழமும் ஒன்றுபோல் இராது. உப்புத்தாளால் தேய்த்த அடியில் எல்லாம் ஒரே பக்கமாக, இணையாக ஓடும்.

அதன் பிறகு மெருகு. காங்சி மெருகு உடம்போடு ஒட்டி, இறுக்கமாக, லேசான நீலப்பச்சைச் சாயலோடு இருக்கும். விளக்கொளியைச் சாய்வாக விழவிட்டால் ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி நுண்ணிய மேடுபள்ளம் தெரிகிறதா? பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அது சகஜம்.

அடியில் ஆங்கிலத்தில் 'சைனா' என்று இருந்தால் 1891-ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ ஏற்றுமதியானது என்று பொருள். இறக்குமதிப் பொருளில் பிறந்த நாட்டின் பெயர் வேண்டும் என்று அமெரிக்கச் சுங்கச் சட்டம் கேட்டதால் வந்தது அது. அந்தச் சொல் இல்லாததால் எதுவும் நிரூபணமாகாது. உரசி எடுத்துவிடுபவர்களும் உண்டு. அடியில் ஓரிடம் மட்டும் மங்கலாக, தட்டையாக இருந்தால் அதற்கு அர்த்தம் அதுவாக இருக்கலாம்.

கேள்வி: ஏலப் பட்டியல்களில் 'பச்சைக் குடும்பம்', 'ரோஜாக் குடும்பம்' என்று போடுகிறார்கள். இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? அது ஏன் முக்கியம்?

பெயர்கள் பிரெஞ்சுக்காரர்கள் வைத்தவை; பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆல்பேர் ஜாக்மார் என்ற அறிஞர் வழக்குக்குக் கொண்டுவந்தார். சேகரிப்பவருக்கு இந்தப் பிரிவு அவசியம், ஏனென்றால் காலத்தைக் கிட்டத்தட்ட கண்ணாலேயே சொல்ல வைப்பது நிறங்கள்தான்.

எனாமல் என்பது ஈயம் கலந்த கண்ணாடித் தூள். முதலில் பீங்கானை மெருகோடு 1300 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் சுடுவார்கள். ஆறிய மெருகின் மேல் எனாமலால் வரைந்து, சிறிய சூளையில் 700–850 டிகிரியில் மறுபடி சுடுவார்கள். அதனால் எனாமல் மெருகுக்குள் கரைந்துபோவதில்லை, மேலே அமர்ந்திருக்கும். விரல் நுனியால் தடவினால் மேடு தட்டும்.

பச்சைக் குடும்பத்தில் நிறங்கள் கண்ணாடி போல் ஊடுருவிப் பார்க்கக் கூடியவை. பச்சை தாமிரத்தால் வருவது. மஞ்சள் இரும்பால், கத்திரிப்பூ ஊதா மாங்கனீசால். சிவப்பு மட்டும் வேறு சாதி: இரும்புச் சிவப்பில் கண்ணாடிப் பொருள் மிகக் குறைவு, எனவே மெலிதாக, வறண்டு, பளபளப்பின்றிக் கிடக்கும், எளிதில் தேயவும் செய்யும். மெருகுக்கு மேல் வரும் நீல எனாமல் காங்சி காலத்தின் அடையாளம். மிங் காலப் பலவண்ணப் பாண்டங்களில் நீலம் மெருகுக்கு அடியில் இருக்கும். ஜாடியைச் சாய்த்துப் பிடித்தால் நீலம் மெருகின் மேல் தடித்து நிற்கிறதா, உள்ளே மூழ்கிக் கிடக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

ரோஜாக் குடும்பம் 1720-களில் தலையெடுத்தது. அதன் இளஞ்சிவப்பு தங்கத்திலிருந்து கிடைக்கிறது: மிக நுண்ணிய தங்கத் துகள்கள் கண்ணாடிக்குள் மிதந்து அந்த நிறத்தைத் தருகின்றன. கூடவே வந்தது ஆர்செனிக் கலந்த, ஊடுருவிப் பார்க்க முடியாத வெள்ளை. அதைக் கலந்துதான் இதழின் ஓரத்தில் அடர் ரோஜா, நடுவில் வெளிறல் என்று தீட்ட முடிந்தது. யோங்ஜெங் (1723–1735), சியான்லாங் (1736–1795) காலங்களில் இது உச்சத்துக்குப் போனது. இப்போது முதல் கேள்விக்குத் திரும்பிப் பாருங்கள்: காங்சி முத்திரை போட்ட ஜாடியில், வெள்ளை குழைத்து நிழல் காட்டிய கொழுத்த ரோஜாப் பூக்கள் இருந்தால் இரண்டும் ஒத்துப்போகவில்லை. எழுத்தை விட நிறத்தை நம்புங்கள்.

பத்து மடங்கு லென்ஸ் ஒன்று கட்டாயம் வாங்குங்கள். பூவின் கோடுகள் சீரான சிறு புள்ளிகளாகப் பிரிந்தால் அது அச்சு ஒட்டு. தூரிகை வேலை இல்லை. பொன்னையும் கவனியுங்கள். பழைய பொன் தூளாகப் பூசி மெருகேற்றியது, தேன் நிறத்தில் மென்மையாக, தேய்ந்து தேய்ந்து இருக்கும். கண்ணாடி போல் மின்னும் திரவப் பொன் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பிறந்தது.

கேள்வி: நீல எனாமலைச் சுற்றி வானவில் போல ஒரு வளையம் தெரிகிறது. இது அசல் என்பதற்குச் சான்று என்கிறார்களே?

சீனர்கள் இதைச் 'சிப்பி ஒளி' என்பார்கள். ஈயம் அதிகமுள்ள எனாமலின் ஓரத்தில் காலப்போக்கில் உருவாகும் மெல்லிய படலம் அது. பழைய பாண்டங்களில் இருப்பது நல்ல அறிகுறி. ஆனால் ரசாயனத்தாலும் செயற்கையாகக் கொண்டுவரலாம், அசலான பலவற்றில் இல்லாமலும் போகலாம். அதை ஒரு துணைச் சாட்சியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சீனத் தாவோ மரபின் எண்மர் சித்தர் உருவங்களில் ஒன்று விலைக்கு வருகிறது. பச்சை, மஞ்சள், ஊதா அங்கி. முகம் வெறும் மண் நிறம். பழையதா, புதுப் பிரதியா என்று பார்ப்பது எப்படி?

நீங்கள் சொல்வது 'பிஸ்கட்' வகை: மெருகு பூசாமல் சுட்ட உடலின் மேல் நேரடியாக எனாமல் தீட்டி, குறைந்த வெப்பத்தில் மறுபடி சுட்டது. காங்சி காலத்தில் உருவங்களுக்கு மிகவும் விரும்பிக் கையாண்ட முறை. இதில் பச்சை, மஞ்சள், ஊதா மூன்றும்தான் ஆட்சி செய்யும்; மண் உடலின் மேல் நேராக இட்ட இரும்புச் சிவப்பு அரிது. சிவப்பு தாராளமாக இருந்தால் நிதானியுங்கள்.

உருவத்தை எடுத்ததும் அடியைப் பாருங்கள், பிறகு உள்ளே. பழைய உருவம் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட அச்சுகளில் களிமண் தகடுகளைக் கையால் அழுத்தி, பகுதிகளைக் குழைசேற்றால் ஒட்டிச் செய்தது. அடித்துளை வழியாகச் சிறு டார்ச் அடித்தால் விரல் குழிகள் தெரியும். சில நேரம் துணியின் நெசவுத் தடம்கூடப் பதிந்திருக்கும். சுவர் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருக்கும். ஒட்டுப் போட்ட இடத்தில் சேறு பிதுங்கி உறைந்த மேடும் தட்டுப்படும்.

புதுப் பிரதி பெரும்பாலும் பிளாஸ்டர் அச்சில் திரவக் களிமண்ணை ஊற்றிக் கவிழ்த்து எடுத்தது. உட்புறம் வழவழவென்று இருக்கும், சுவர் எங்கும் ஒரே கனம், வெளியே மூக்கு புடைத்த இடத்தில் உள்ளே அதே அளவு குழி. எடையிலும் அது தெரியும்: கையில் எடுத்ததும் எதிர்பார்த்ததைவிட லேசாக இருக்கும்.

மூடிய உருவமானால் எங்காவது காற்றுத்துளை இருந்தே ஆகவேண்டும். இல்லாவிட்டால் சூளையில் வெடித்திருக்கும். சில சித்தர்களுக்கு மேலுதட்டிலும் தாடையிலும் ஊசிமுனைத் துளைகள் இருப்பதைக் கண்டு யாரோ சேதப்படுத்திவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். அசல் முடியில் மீசையும் தாடியும் செருகுவதற்காகக் குயவர் விட்ட துளைகள் அவை. முடி எப்போதோ உதிர்ந்துபோயிருக்கும். அத்துளைகளை மாவு வைத்து அடைத்து நிறம் தீட்டியிருந்தால் அதுதான் பிற்காலக் கைவரிசை.

உருவங்களில் அதிகம் உடைவது விரல்கள், கையிலுள்ள விசிறி, ஊன்றுகோல், தலையணி. கழுத்தில் சுற்றிலும் ஒரு கோடு தெரிந்தால் தலை உடைந்து ஒட்டியதா, அல்லது வேறு உருவத்தின் தலையா என்று கேட்டே தீரவேண்டும்.

கேள்வி: சிங்க ஜோடி ஒன்று இருக்கிறது. இரண்டின் பாதத்தின் கீழும் பந்து. இது ஜோடிதானா?

இல்லை. ஆண் சிங்கத்தின் பாதத்தில் பந்தும் பெண் சிங்கத்தின் பாதத்தில் குட்டியும் இருக்கும். ஒன்றையொன்று பார்ப்பதுபோல் எதிரெதிராகத் தலை திரும்பியிருக்கும். உங்களுடையவை இரண்டு தனி ஆண் சிங்கங்களைச் சேர்த்து ஜோடியாக்கியவை. முதுகில் குழாய் இருந்தால் ஊதுவத்தி செருகுவதற்கு.

கேள்வி: ஜாடியின் மூடி அதனுடையதுதானா என்று எப்படித் தெரியும்?

ஜாடி பிழைத்தாலும் மூடி பிழைப்பதில்லை. அதனால் வேறு ஜாடியின் மூடி, புதிதாகச் செய்த மூடி, மர மூடி என்று பலவும் வந்து சேரும். மூடியை மெல்ல வைத்துத் திருப்பிப் பாருங்கள். சூளையில் இரண்டும் கொஞ்சம் வளைவதால் சரியான மூடிகூட எல்லா நிலையிலும் ஒன்றுபோல் உட்காராது, ஆனால் ஒரு நிலையில் நன்றாகப் பொருந்தும். பகல் வெளிச்சத்தில் வெள்ளை மெருகின் சாயலை ஒப்பிடுங்கள்: ஜாடி நீலப்பச்சை, மூடி சாம்பல் என்றால் உறவில்லை. மூடியின் உள்விளிம்பு மண்ணும் ஜாடியின் அடிவளைய மண்ணும் ஒரே நிறம், ஒரே நைசு ஆக இருக்க வேண்டும். இரண்டிலும் உள்ள ஒரே பூவை எடுத்துக்கொண்டு தூரிகை எங்கே தொடங்கி எங்கே திரும்புகிறது என்று லென்ஸில் பாருங்கள். கை மாறியிருந்தால் அங்கே காட்டிக்கொடுக்கும்.

ஜாடியின் வயிற்றில் விரலை மேலிருந்து கீழாக ஓட்டும்போது கிடைமட்டமாக ஒரு மேடு தட்டினால் பயப்பட வேண்டாம். பெரிய ஜாடிகளைப் பகுதிபகுதியாகச் சக்கரத்தில் எடுத்து ஒட்டுவார்கள். அந்த ஒட்டுத் தடம் நல்ல அறிகுறி.

கேள்வி: ஒட்டி நிறம் பூசி மறைத்த சேதத்தைக் கண்டுபிடிக்க வழி என்ன?

முதலில் காது. ஜாடியை ஒரு கையால் அடியில் தாங்கி, மறு கையின் விரல் கணுவால் லேசாகத் தட்டுங்கள். கணீரென்று நீண்ட ஒலி வந்தால் நல்லது. 'டொக்' என்று அடங்கினால் எங்கோ விரிசல். தடித்த சுவருள்ள ஜாடிக்கும் உருவங்களுக்கும் இந்தச் சோதனை அவ்வளவாக உதவாது.

அடுத்து இருட்டறை. 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச்சைச் சாய்வாக அடித்து மெல்ல நகர்த்துங்கள். பழைய அரக்கு ஒட்டு ஆரஞ்சாக ஒளிரும். எப்பாக்சியும் மேற்பூச்சும் பெரும்பாலும் வெளிர் நீலமாகவோ மஞ்சளாகவோ சுற்றுப்புறத்திலிருந்து பிரிந்து தெரியும். சமீபத்தியப் பூச்சுகளில் சில ஒளிராமல் தப்பிவிடுவதால் அதோடு நிறுத்தாதீர்கள். பலமான டார்ச்சை ஜாடிக்குள் வைத்து வெளியிலிருந்து பாருங்கள்: பீங்கான் ஒளியை விடும், நிரப்பிய இடம் இருண்ட திட்டாக நிற்கும்.

கன்னத்தில் அல்லது உதட்டில் வைத்துப் பார்க்கும் பழக்கமும் பயனுள்ளது. பீங்கான் சில்லென்று இருக்கும், பூச்சு சற்றே வெதுவெதுப்பாகவும் பிசுக்காகவும் தோன்றும். ஊசிமுனையால் குத்திப் பார்க்கச் சிலர் சொல்வார்கள். பொன்னையும் எனாமலையும் கீறிவிடும் என்பதால் அது வேண்டாம்.

இன்னொரு வகைத் தில்லுமுல்லு இதைவிடத் தந்திரமானது. வெறும் வெள்ளையாகவோ நீல ஓவியத்தோடோ இருந்த அசல் பழைய ஜாடியின் மேல் பிற்காலத்தில் புதிதாக எனாமல் தீட்டி விலை ஏற்றுவார்கள். உடல் பழையது, மெருகு பழையது, அடிவளையமும் குற்றமில்லாதது. பொய் நிறத்தில் மட்டும். லென்ஸில் கீறல்களைப் பின்தொடருங்கள். பழைய கீறல் எனாமலுக்கு அடியில் புகுந்து மறுபுறம் வெளிவந்தால், கீறல் விழுந்த பிறகுதான் எனாமல் வந்திருக்கிறது. பழைய மெருகை மறுபடி சூளையில் வைத்ததால் கரும்புள்ளிகளும் கொப்புளங்களும் வந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

கேள்வி: ஆய்வகத்தில் கொடுத்தால் காலத்தைச் சொல்லிவிடுவார்களா?

வெப்ப ஒளிர்வுச் சோதனை கடைசியாக எப்போது சுடப்பட்டது என்பதைக் கணிக்கும். பீங்கானுக்கு அடியிலிருந்து சிறு துண்டு துளைத்து எடுக்க வேண்டும். மெல்லிய பாண்டத்துக்கு அது பெரிய காயம். செயற்கையாகக் கதிர்வீச்சுக் கொடுத்துப் புதியதைப் பழையதாகக் காட்டவும் முடியும். மேலே சொன்னபடி மறுபடி சூளை கண்ட பழைய ஜாடி, இளையதாகவே கணக்கில் வரும்.

எனாமல் பீங்கானுக்கு எங்கள் பரிந்துரை எக்ஸ்-கதிர் ஒளிர்வு அளவீடு. தொடாமல், துளைக்காமல் எனாமலில் உள்ள தனிமங்களைச் சொல்லும். குரோமியம் என்ற தனிமமே 1797-ல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. 'காங்சி' இலையின் பச்சை தாமிரத்தால் வராமல் குரோமியத்தால் வந்திருந்தால் விவாதம் முடிந்தது. வெள்ளையில் டைட்டானியம் என்றால் இருபதாம் நூற்றாண்டு.

கேள்வி: தூசும் கறையும் படிந்த ஜாடியையும் உருவத்தையும் எப்படிச் சுத்தம் செய்வது?

முதலில் எதில் கை வைக்கக் கூடாது என்று முடிவு செய்யுங்கள். ஒட்டுப் போட்டது, பொன் உதிர்வது, எனாமல் செதில் விடுவது, பிஸ்கட் உருவம், இவற்றுக்கு மென்மையான தூரிகையால் தூசு தட்டுவதோடு சரி. பிஸ்கட் உடல் அழுக்கு நீரை உறிஞ்சும். உள்ளே தண்ணீர் புகுந்த உருவம் வாரக்கணக்கில் காயாது.

மெருகிட்ட, சேதமில்லாத ஜாடிக்கு: பிளாஸ்டிக் தொட்டியில் துண்டு விரித்து, ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் காரமில்லாத திரவச் சோப்பு இரண்டு மூன்று சொட்டு. மோதிரம், வளையலைக் கழற்றிவிடுங்கள். ஜாடியை மூழ்கடிக்காமல் பஞ்சை நனைத்துப் பிழிந்து, சிறு பகுதியாக உருட்டித் துடையுங்கள். தேய்க்க வேண்டாம், இரும்புச் சிவப்பும் பொன்னும் முதலில் போய்விடும். வெறும் நீரில் நனைத்த பஞ்சால் இன்னொரு முறை துடைத்து, காற்றில் உலர விடுங்கள்.

பிளீச்சிங் திரவம் கூடவே கூடாது. விரிசலுக்குள் போய் உப்பாகப் படிந்து, உலரும்போது மெருகை நெம்பிவிடும். வினிகரும் எலுமிச்சையும் ஈய எனாமலை அரித்து மங்கலாக்கும். அதே காரணத்தால்தான் இந்த ஜாடிகளில் உணவு எதையும் வைக்கக் கூடாது: அமிலம் எனாமலிலிருந்து ஈயத்தை இழுத்துக்கொள்ளும்.

கேள்வி: உயரமான ஜாடியை அலமாரியில் வைக்கவும் வேறிடத்துக்கு அனுப்பவும் பயமாக இருக்கிறது.

உயரமான ஜாடிக்குத் தோள் அகலம், அடி குறுகல். துணிப்பையில் உலர்ந்த சுத்தமான மணலைக் கட்டி உள்ளே இறக்குங்கள்; ஜாடியின் கீழ்ப்பகுதி கனத்தால் போதும், நிரப்ப வேண்டியதில்லை. தூக்கும்போது முதலில் மூடியை எடுத்துத் தனியே வைத்துவிட்டு, ஒரு கை அடியிலும் மறு கை வயிற்றிலுமாகத் தூக்குங்கள். விளிம்பையோ கைப்பிடியையோ பிடித்துத் தூக்கியதால் உடைந்தவை ஏராளம்.

அனுப்புவதற்கு இரண்டு பெட்டிகள் வேண்டும். ஜாடியை அமிலமற்ற டிஷ்யூவில் சுற்றி, அதன் மேல் குமிழ்த்தாளைக் குமிழ் வெளிப்பக்கம் இருக்கும்படி சுற்றுங்கள். உள்பக்கம் இருந்தால் பொன்னிலும் மேற்பூச்சிலும் குமிழ் தடம் விழும். மூடிக்குத் தனிப் பொட்டலம். உள்பெட்டிக்கும் வெளிப்பெட்டிக்கும் நடுவே எல்லாப் பக்கமும் 5 சென்டிமீட்டர் மெத்தை. உருவமானால் நீட்டிய கையைச் சுற்றி எதையும் இறுக்கித் திணிக்காதீர்கள். அதைச் சுற்றி வெற்றிடம் விட்டு, உடலைத் தாங்குங்கள்.

கேள்வி: உருவத்தின் அடியில் சிவப்பு மெழுகு முத்திரை ஒன்று ஒட்டியிருக்கிறது. பழமைக்குச் சான்றிதழா?

சீன அரசின் கலைப்பொருள் அதிகாரிகள், நாட்டை விட்டுப் போக அனுமதித்த பொருளில் வைக்கும் அடையாளம் அது. 1960-ல் வகுத்த விதிப்படி பெரும்பாலான வகைகளில் 1795-க்கு முந்தியவற்றுக்கு வெளியேற அனுமதி இல்லை. ஆகவே அந்த முத்திரை உண்மையானது என்றால், பொருள் பெரும்பாலும் 1795-க்குப் பிந்தியது என்றுதான் அதிகாரி கருதியிருக்கிறார். 'காங்சி காலத்தது, மெழுகு முத்திரையோடு' என்ற விளம்பரம் தன்னைத்தானே மறுக்கிறது. 2007-ல் விதி இன்னும் இறுகி, 1911-க்கு முந்திய கலைப்பொருள் எதற்கும் ஏற்றுமதி இல்லை என்றானது. எனவே பழைய பாண்டம் வாங்கும்போது அது சீனாவை விட்டு எப்போது, எந்த வழியில் வந்தது என்பதற்குப் பழைய ரசீது, ஏலப் பட்டியலின் பக்கம், சேகரிப்பாளர் ஒட்டிய சீட்டு ஏதாவது கேளுங்கள். அடியில் ஒட்டியிருக்கும் அழுக்கான பழைய தாள்துண்டைக் கிழித்து எறிந்துவிடாதீர்கள்.